பேராச்சிக்கு ஒரு பால்டி

கொழும்பு
14.3.1965

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு இருமல் தேவலை என்று படித்ததும் மனசு லேசானது. ஒன்று சொன்னால் கோபிக்காதே. உறைமேல் பேராச்சி என்று போடாதே என்று எத்தனை தடவை சொல்வது? பேமாவதி என்று மட்டும் எழுது. இந்தத் தெருவுக்கு நான் தெற்கே காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களத்தி. வீட்டுச் சொந்தக்காரர் என் தபாலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

புது நாடகம் நன்றாக ஓடுகிறது. ஏழு வருஷமாகக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவளுக்கு இப்போது தனிக் கைதட்டு. கதாநாயகி முகம் இல்லை என்று கழித்தவர்களே, நான் மேடைக்கு வருமுன்னே சிரிக்கிறார்கள். வேஷம் என்ன தெரியுமா? தமிழ் வேலைக்காரி. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதற்குச் சிங்களத்தில் 'பால்திய' என்பதற்கு 'வால்திய' என்று தப்பாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், கொட்டகை அதிர்கிறது. ஞாயிறுதோறும் ரேடியோவிலும் வருகிறது. இதை எங்கே பிடித்தாய் என்று மேனேஜர் குணபால கேட்டார். பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்தாள் என்றேன்.

அது யார் குரல் என்று உனக்குத் தெரியும்.

உன் தங்கை
பேராச்சி


தாராவி, பம்பாய்
2.5.1965

அன்புத் தங்கச்சிக்கு அக்கா கோமதியம்மாள் எழுதுவது,

இங்கே எல்லாரும் சுகம், குழாயில் தண்ணீர் வருகிற நாளில். இந்த ஊரில் வாளிக்குப் பெயர் பால்டி. விடிந்தால் வரிசையில் அதே பேச்சுதான். கேட்கும்போதெல்லாம் வரிசையை விட்டுத் தள்ளிப் போய் நிற்கிறேன்.

ஹமீது பாய் ரேடியோ ரிப்பேர் கடையில் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் திருகிக் கொழும்பைப் பிடித்துத் தந்தார். கரகரப்புக்கு நடுவே உன் குரல். உன் குரல் எங்கே, அம்மா குரல். அம்பத்தெட்டுக் கலவரத்தில் பாலத்தடியில் சிங்களக் கலவரக்காரர்கள் நம் மூன்று பேரையும் நிறுத்தி, தமிழரா என்று பார்க்க ஒரு வாளியைக் காட்டி, சிங்களத்தில் இது என்ன என்று கேட்டார்களே. நீயும் நானும் சரியாகச் சொன்னோம். அம்மாவுக்கு வாளி நினைப்பில் 'வால்திய' என்றுதான் வந்தது. அதுதான் அவள் பேசிய கடைசிச் சொல், அங்கேயே கொன்றுவிட்டார்கள்.

அதைச் சொல்லியா சிரிப்பு மூட்டுகிறாய் என்று முதலில் உன்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு, ஏழு வருஷம் கழித்து அம்மா பேசிக் கேட்டோமே என்று அங்கேயே அழுதுவிட்டேன். ஹமீது பாய் டீ வாங்கித் தந்தார்.

ஜூன் ஒன்பது உன் பிறந்த நாள். அன்று சாயங்காலம் கொழும்பு ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்கத் தவறாதே. மீதியை இப்போது சொல்ல மாட்டேன்.

அக்கா


கொழும்பு
13.6.1965

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டாய்.

"பேமாவதி என்ற பெயரில் சிங்கள நாடகங்களில் நடித்துவரும் தங்கை பேராச்சியை, பம்பாய் தாராவியிலிருந்து அக்கா கோமதியம்மாள், அத்தான் பிரம்மநாயகம் வாழ்த்துகிறார்கள்." அறிவிப்பாளர் ஒரு எழுத்து விடாமல் படித்தார். எங்கள் தெருவில் நாலு வீட்டில் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்காகக் கேட்பார்கள். பெயர் விளங்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லையே.

மறுநாள் ஒத்திகையில் குணபால ஒரு வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சரியாகச் சொல்லு பார்ப்போம் என்றார். சொன்னேன். பாலத்தடியில் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இன்று காலை கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு காலி வாளி. அது எங்கள் வீட்டு வாளி இல்லை.

உன்மேல் கோபம் இல்லை. என்னைப் பேராச்சி என்று யாரும் வாயால் கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது. கேட்டதும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பே.


தாராவி
24.6.1965

தங்கச்சி,

என் கையை வெட்டிப் போட்டால் தேவலை. ஊருக்கெல்லாம் தெரியட்டும் என்று எழுதினேன், எந்த ஊர் என்று யோசிக்கவில்லை.

நீ புறப்பட்டு வந்துவிடு. ஒரு அறைதான், ஆனாலும் உனக்கு இடம் இருக்கும். அத்தான் வேலை பார்க்கிற கிங்ஸ் சர்க்கிள் காப்பிப்பொடிக் கடைக்கு மாட்டுங்கா சபா செக்ரட்டரி சங்கரன் வருவார். உன்னைப் பற்றிச் சொன்னோம். தீபாவளி நாடகத்தில் சிரிப்பு வேஷத்துக்கு ஆள் தேடுகிறாராம். நோட்டீஸில் பேராச்சி என்றே போடலாம் என்றார். வாளி வேண்டாம், பால்டி வேண்டாம், தமிழில் சிரிக்க வை.

சாமான் எதற்கும் காத்திருக்காதே.

அக்கா


கொழும்பு
5.7.1965

அன்புள்ள அக்காவுக்கு,

தினம் ஒரு வாளி வருகிறது. நேற்றைய வாளியின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தது. வீட்டுக்காரர் என்னைக் காலி பண்ணச் சொல்லவில்லை. என்னைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைசியாக மேடை ஏறுகிறேன். டிக்கெட் முழுக்க விற்றாகிவிட்டது, ஏமாற்றிவிடாதே என்று குணபால கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்த ஜனம் அடிக்காது என்று நம்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். இன்னும் ஒரு நாள் நம்புகிறேன். அம்மாவை ஒரு தடவை பேச வைத்துவிட்டு, மறுநாள் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் ரயில் ஏறுகிறேன்.

நோட்டீஸில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்.

உன் தங்கை
பேராச்சி


தாராவி
22.8.1965

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் நாலாவது கடிதம் இது. உறைமேல் பேமாவதி என்றே போட்டிருக்கிறேன், பயப்படாதே. கையெழுத்துகூட வேண்டாம், ஒரு வரி எழுதிப் போடு.

அத்தான் வேலைக்குப் போகுமுன் தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயிலைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். சங்கரன் நோட்டீஸ் அடித்துவிட்டார். நீ கேட்ட மாதிரி பெரிய எழுத்து.

இன்று ஹமீது பாய் கடைக்குப் போனேன். கொழும்பில் அதே நாடகம், அதே வேலைக்காரி. குரல் வேறு. யாரோ ஒரு பெண் 'வால்திய' என்றாள். அம்மா அப்படிச் சொல்லவே மாட்டாள். சிரிப்பு மட்டும் முன்னைப்போலவே கேட்டது. ஹமீது பாய் ரேடியோவை அணைத்துவிட்டார்.

ஒன்றரை மாதமாகக் குழாயடி வரிசையில் இரண்டு பால்டி வைக்கிறேன். இரண்டாவது யாருக்கு என்று பக்கத்து வீட்டு மெஹராஜ் தினமும் சண்டைக்கு வருவாள். தங்கச்சி வந்துகொண்டிருக்கிறாள் என்பேன். இன்று நான் கடையிலிருந்து அழுதுகொண்டு திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது பால்டியை அவளே நிரப்பி, என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அதை இன்னும் உள்ளே எடுக்கவில்லை.

அக்கா
கோமதியம்மாள்