திருநின்றவூர் தாண்டினால் உன் முறை

இன்று காலை ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு அம்மாள் தைலப் புட்டியைத் திறந்து நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொண்டார். பெட்டி முழுக்க நீ தேய்க்கும் அதே தைல வாசனை. நீ வந்து உட்கார்ந்துவிட்டாய் என்றே எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலோரத்தில் யாரோ ஒரு கல்லூரிப் பெண். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தில் நியாயமே இல்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உன் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

என் கோபத்தால்தானே எல்லாம் ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தியானம் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். மணவாள நகர் வீட்டில் காலை ஐந்து மணிக்குப் பாய் விரித்து உட்கார்ந்தேன். முதல் நாள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் பிடிக்க எழுந்தேன். இரண்டாம் நாள் குக்கர் விசில். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர், "தூங்கணும்னா உள்ள போய் தூங்கேன், நடுவூட்ல இன்னாத்துக்கு?" என்றார். அன்று ஏறிய அழுத்தத்துக்கு எந்த மாத்திரையும் போதாது. திருவள்ளூர் ஸ்டேஷனில் உன்னிடம் புலம்பித் தீர்த்தேன். பத்து வருடமாக ஒன்றாக அம்பத்தூர் போகிறவர்கள் நாம். நான் ஒரு கம்பெனியில் பில் போடுகிறவள், நீ பக்கத்துத் தெரு துணிக் கம்பெனியில் செக்கிங். என் புலம்பல் உனக்குப் புதிதில்லை.

"ஊட்ல ஒக்கார முடிலன்னா இன்னாமே? தெனம் ரயில்ல ஒக்காந்துகினுதான போறோம்" என்றாய்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே கண்ணை மூடினோம். ஆவடியில் திறந்தபோது என் சாப்பாட்டுப் பையைக் காணோம். எடுத்தவள் வயிறாரச் சாப்பிடட்டும் என்று நினைத்துக்கொள், அதுவும் தியானம்தான் என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. புது டப்பா அது.

அதற்கப்புறம்தான் முறை வைத்தோம். திருவள்ளூரிலிருந்து திருநின்றவூர் வரை நான் கண்ணை மூட வேண்டும், நீ காவல். திருநின்றவூர் தாண்டினால் ஆவடி வரை உன் முறை, நான் காவல். காவல் என்றால் இரண்டு பையும் மடியில் இருக்க வேண்டும், கூட்டம் இடித்தால் கையை நீட்டித் தடுக்க வேண்டும், யாராவது கதை பேச வந்தால் உதட்டில் விரல் வைக்க வேண்டும். நான் மூச்சை எண்ணினேன். நீ ஏதோ ஜெபம் சொன்னாய். உன் சாமி வேறு, என் சாமி வேறு, அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. முதல் மாதம் முழுக்க நான் மேனேஜரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். சண்டை போட்டால் போடு, கண்ணை மட்டும் திறக்காதே என்றாய். வேறு பாடம் எதுவும் நீ நடத்தவில்லை. ஆறு மாதத்தில் மாத்திரை பாதியானது. வீட்டில் என் குரல் இறங்கிவிட்டதை வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார்.

என் காவலின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் முறை வந்ததும் நான் போனை எடுத்துவிடுவேன். பை மடியில்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மழைக்காலத்தில் ஒரு நாள், நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் காரசாரமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பூக்காரம்மா என் முழங்காலைத் தட்டி, "அந்தம்மா அழுவுது பாரு" என்றார். பார்த்தேன். உன் மூடிய கண்ணிலிருந்து கழுத்து வரை வழிந்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே தூசி என்றாய். மழைக்கு ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள், தூசி எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் நாத்தனாரின் பதில் வந்திருந்தது. நான் போனுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ அழுததற்கு முந்தின நாள்தான் உனக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து, நீ வேலைக்கு வருவது நின்ற பிறகு, உன் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, பையைப் பார்த்தேனே தவிர உன்னைப் பார்க்கவில்லையே என்று அழுதேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஊட்ல அழுதா புள்ளைங்க பயந்துடும்மே. நீ பக்கத்துல கீறன்னு ஒரு தைரியம். அதான் அங்க அழுதேன்."

பெரிய மனதோடு சொன்னாய். எனக்குத்தான் ஆறவில்லை. இன்றும் ஆறவில்லை.

நீ போன பிறகு இரண்டு மாதம் ரயிலில் நான் கண்ணை மூடவில்லை. பை போய்விடும் என்பது சாக்கு. கண்ணைத் திறக்கும்போது திருநின்றவூர் வந்திருக்குமே என்பதுதான் பயம். மாத்திரை பழையபடி முழுதானது, டாக்டர் திட்டினார். ஒரு திங்கட்கிழமை, பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். திருநின்றவூரில் திறந்தேன். போனைப் பைக்குள் போட்டேன். அன்று முதல் அங்கிருந்து ஆவடி வரை, பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒருத்தி தூங்குவாள், ஒருத்தி தலை வாருவாள், ஒருத்தி என்னை முறைப்பாள்.

போன வாரம் கம்பெனி ஓவர்கோட் போட்ட ஒருத்தி, நம் வயசுதான் இருக்கும், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். பட்டாபிராம் தாண்டியதும் அவள் கன்னம் நனைந்தது. நழுவிக்கொண்டிருந்த அவள் பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இடித்துக்கொண்டு ஏறிய கூட்டத்துக்குக் கையைக் குறுக்கே நீட்டினேன். ஆவடி போனது. அண்ணனூர் போனது. நம் அம்பத்தூர் வந்து ரயில் நின்றது. அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

நான் இறங்கவில்லை.