காரம் போடுவதற்கு முன்

அன்பு ஹயாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் உம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜெனோவாவில் குளிர் விட்டுவிட்டது, என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

வெள்ளிக்கிழமை அறையில் சமையல் என் முறை. நம் வீட்டு மாதிரியே ஒரே வாணலியில் வெங்காயம், குடைமிளகாய், தக்காளி, கூடவே ஆட்டிறைச்சி சாசேஜ். வேலைக் களைப்பில் கை தன்பாட்டுக்கு ஓடியது. ஹரிஸா மிளகாய் விழுதைப் போடுவதற்கு முன் இரண்டு கரண்டி எடுத்து, சாசேஜைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு கிண்ணத்தில் ஆறவைத்துவிட்டேன்.

எல்லாரும் ரொட்டியோடு வாணலியைச் சுற்றி உட்கார்ந்ததும் பஷீர் அதைப் பார்த்துவிட்டான். "என்னப்பா நூரு, இது யாருக்கு? நம்மள்ல பல்லு முளைக்காதவன் எவன்டா?" என்றான். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். "எனக்குத்தான்டா, வயிறு சரியில்ல" என்று சொல்லி, நம் மகளின் பங்கை நானே சாப்பிட்டேன். ரீம் மவுத்தாகி நம்மை விட்டுப் போனதை இவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பஷீரின் தம்பி வரும்போது நீ இடிக்கிற ஹரிஸா ஒரு பாட்டில் கொடுத்துவிடு. இங்கே கடையில் வாங்குவது வெறும் சிவப்புதான். இரண்டு ஜோடி காலுறையும் வேண்டும். ரீமுடைய மஞ்சள் கிண்ணத்தையும்... வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் கீழே ஹாரன் அடிக்கிறான். ஒன்று மட்டும் எழுது. நம் பையன்களுக்குச் சமைக்கும்போது நீயும் காரம் போடுவதற்கு முன் எடுத்து வைக்கிறாயா? இல்லையென்றாலும், வைக்கிறேன் என்றே எழுது.

உன் நூருத்தீன்