நவம்பர் வரைக்கும் இழுத்தடி

தம்பி,

அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. நேற்று இறால் கம்போ குழம்பு வைத்தேன். நீ ஜெயிலில் இருப்பதை மறந்து, உன் தட்டையும் பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.

பெடரல் கோர்ட் நீதிபதி தேர்தலுக்காக நம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது தேவாலயத்தில் மணி அடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மொத்த மாவட்டமும் ஓட்டுப் போட்டால் வெள்ளைக்கார நீதிபதிதான் ஜெயிப்பார். இனி கறுப்பர்களான நம் தெருக்களுக்கு ஒரு நீதிபதியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆடினோம்.

செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டால் மூன்று வருடம் என்று அரசு வக்கீல் பேரம் பேசியபோது, "கையெழுத்துப் போடாதேடா. நவம்பர் தேர்தல் வரைக்கும் இழுத்தடி. நம்ம வக்கீல் வெர்னெட்டா நீதிபதியா வந்து உட்காரட்டும்" என்றேன்.

"நீ என்ன தேர்தல் கமிஷனாக்கா?" என்று சிரித்தாய். ஆனாலும் கேட்டாய்.

செவ்வாய்க்கிழமை மேல்கோர்ட் மாவட்டத்தைப் பிரித்த அந்த உத்தரவை நிறுத்திவிட்டது. தேர்தல் கிடையாது. நீதிபதியாகப் பழைய வெள்ளைக்காரக் கிழவனே நீடிக்கிறான். அரசு வக்கீலும் பேரத்தைத் திரும்பப் பெற்றுவிட்டான். வழக்கில் தோற்றால் பதினைந்து வருடமாம்.

"அடுத்த தடவை பாத்துக்கலாம்மா," என்றார் பாதிரியார் அல்சீட்.

"அப்போ என் தம்பிக்கு எத்தனை வயசுன்னு சொல்லுங்க பாதர்."



திங்கள்கிழமை விசாரணைக்கு வெள்ளைச் சட்டை கொண்டுவருகிறேன். அந்தக் கிழவன் முகத்தைப் பார்க்காதே. எதற்கும் "சரிங்க ஐயா" என்று சொல். யாரிடமும் தலை குனியாதே என்று வளர்த்தவள் நான்தான். இப்போது நானே சொல்கிறேன், கெஞ்சுடா.

உன்னைக் கையெழுத்துப் போடவிடாத
அக்கா