கேள்வி முடியும் முன் சொன்ன பதில்

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

நான் சுகம். பாரிஸில் நீயும் மகளும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இதை நானே எழுதுகிறேன், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்து. ஒரு வரி முடிய தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம்.

விசா தேவைப்படாத எங்கள் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டுக்கும், நீ போன பிறகு, ஐரோப்பாவுக்கு முன் அனுமதி எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. பயப்படாதே, சின்ன விஷயம்தான். என்னோடு மரக்கறி பொதி செய்யும் தாரிணி, இடைவேளையில் தன் போனில் அந்த விண்ணப்பத்தைத் திறந்து கேள்விகளை வாசித்தாள்.

"போர் நடந்த இடத்துல நீங்க..."

"ஓம் பிள்ளை. பிறகு வேறெங்கை இருந்தனாங்கள்?"

அவளும் ஓம் என்று அழுத்திவிட்டாள்.

"எதுக்காக அங்க தங்கினீங்கன்னு கேக்குது, அங்கிள்."

"வீடு அங்கைதானே."

"அப்படியே போடவா?"

"போடு."

அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, கடந்த பத்து வருடத்தை மட்டுமே கேட்டிருக்கிறார்கள். நாங்கள் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டோம். இப்போது விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பதில் வரச் சுணங்கும். பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு வந்து சேருவேனோ தெரியாது. எனக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மிளகாய்த்தூளை எங்கே வைத்தாய்? குசினியில் எல்லா இடமும் தேடிவிட்டேன். வேலை முடிந்து வந்தால் கால் நிற்க விடுகுதில்லை, இரண்டு துண்டு பாணைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறேன். என்னுடைய கம்பளிச் சட்டையை நீ கொண்டுபோனாய் அல்லவா, அதை மருமகனுக்குக் கொடுத்துவிடாதே. அங்கே வந்ததும் எனக்குக் குளிரும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன்
சிவக்கொழுந்து