அம்மி பார்த்த ஞாயிறு

செங்கல்பட்டில் வேண்டா என்ற பேரில் ஒருத்தி இருக்கிறாள். மகாபலிபுரம் கடற்கரை மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட வேண்டும் என்பது, கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஆசை. நேற்று அதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "மகாபலிபுரத்துல இன்னா கீது? வெறும் கல்லு. அதுக்கு நம்ம வூட்லயே அம்மி கீது, பாத்துக்கோ" என்றார். அதோடு பேச்சு நின்றது.

இன்று வேண்டா நாத்தனார் அம்சாவோடு முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். அவர் நல்ல தூக்கம். கல்லின் அருமை தெரிந்தவராயிற்றே என்று, இந்தச் சீட்டை அம்மிக் குழவிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

பால் காய்ச்சி மூடியிருக்கிறது. மிளகாய், உளுந்து வறுத்து, தேங்காய் துருவி, புளியும் உப்பும் சேர்த்து அம்மிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எத்தனை நேரம்தான் அம்மியைச் சும்மா பார்ப்பது? கொஞ்சம் அரைத்தும் பார்க்கலாம். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம்.

பி.கு. பத்து மணிக்கு இன்னொரு பஸ் இருக்கிறது. பூட்டினால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

இன்னொன்று. புளிச்சோறு என்னிடம், துவையல் உங்களிடம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் மணலில் இருப்போம். நீங்கள் வராமல் மூட்டையை அவிழ்க்க மாட்டேன். எனக்காக வராவிட்டாலும் போகிறது, உங்கள் தங்கச்சி பசி தாங்கமாட்டாள்.