ஜோவிதாவின் சந்தேகமும் தோத்தாத்ரி சாரின் வீடியோவும்

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் சுகமாயிருக்கிறோம், நெதர்லாந்துக் குளிரில் உன்னையும் அவர் அப்படியே வைத்திருக்க வேண்டும். மழையில் பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிவிட்டது, ராத்திரியெல்லாம் தவளைச் சத்தம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்ததும் குன்றத்தூர் வரைக்கும் ஸ்கூட்டர் ஓட்டிப் போய்விட்டு வந்தார், சொன்னால் கேட்டால்தானே. போனில் நீ அழுதால் எனக்கு வார்த்தை நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஈஸ்டர் லீவில் நீ வந்திருந்தபோது நம் குடியிருப்போர் அசோசியேஷன் செயலாளர் தோத்தாத்ரி சார் கேட்டார் என்று உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னாய். விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் கணக்கை மீறின வேகத்தில் சுற்றுகின்றன, அதனால் கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் அங்கே இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள், ஆனால் எனக்கென்னவோ ஈர்ப்பு விதியையே நாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று சந்தேகம் என்றாய். மாடித்தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்தால் எங்கேயோ ஓட்டை என்கிறோம், தொட்டியின் அளவையே தப்பாகப் போட்டிருந்தால் என்று நீ கேட்டது தமிழ் டீச்சரான எனக்கே விளங்கியது. அந்த மனுஷர் அதைக் கொண்டுபோய்த் தன் யூடியூப் சேனலில், நவீன இயற்பியல் எல்லாம் பொய், நம்ம ஏரியா விஞ்ஞானிப் பெண்ணே ஒத்துக்கொண்டாள் என்று உன் போட்டோவோடு போட்டுவிட்டார். அது உன் பேராசிரியர் காதுவரை போய், நீ இப்படிச் சொன்னாயா என்று அவர் கேட்டதும் நீ உடைந்துபோனாய். "இனிமே சந்தேகத்தை வெளியவே சொல்ல மாட்டேம்மா, எல்லாரும் சொல்றதையே எழுதிட்டு பட்டத்தை வாங்கிட்டு வந்துடறேன்" என்றாயே, வீடியோவைவிட அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

அப்பா சண்டைக்கே கிளம்பிவிட்டார். அவரை உட்காரவைத்துவிட்டு நான் போனேன். தோத்தாத்ரி சார் காபி கொடுத்தார், "உங்க பொண்ணும் சந்தேகப்படறா, நானும் சந்தேகப்படறேன், இதுல என்னம்மா தப்பு" என்றார். எனக்கு இயற்பியல் தெரியாது, வாதாட முடியாது. "சார், தொலைநோக்கியில இன்ன மாதிரி அளவு வந்தா நான் சொல்றது தப்புன்னு என் பொண்ணு முன்னாடியே எழுதி வெச்சிருக்கா. நீங்க எதைப் பார்த்தா உங்க கருத்து தப்புன்னு ஒத்துக்குவீங்க?" என்று மட்டும் கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று அவரே வீட்டுக்கு வந்தார். பழைய வீடியோவை எடுத்துவிட்டாராம், அந்தப் பெண் சொல்லாததைச் சொன்னதாக நான் சொல்லிவிட்டேன் என்று தன் முகத்தைக் காட்டிப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். பழையதைப் பார்த்த கூட்டத்தில் கால்வாசிகூட இதைப் பார்க்கவில்லை, திட்டு மட்டும் நிறைய வந்திருக்கிறது. "நீங்க கேட்டதுக்கு இன்னும் பதில் கிடைக்கலம்மா, தேடிட்டுதான் இருக்கேன்" என்றார். அப்பா அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

அந்தப் புது வீடியோவை உன் பேராசிரியரிடம் காட்டு, நடந்ததை நீயே சொல். அவர் கோபப்பட்டார் என்று நீ சொல்லவில்லை, கேட்டார் என்றுதான் சொன்னாய். திங்கட்கிழமைக் கூட்டத்தில் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறாரே, வாயை மூடவைக்க நினைப்பவர் அப்படிச் செய்வாரா? போய்ப் பேசு. உன் சந்தேகம் தப்பென்று வந்தாலும் வரட்டும், அதுவும் தெரிந்துகொள்வதுதானே. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போகாதே, சோறு வடித்துச் சாப்பிடு, குளிருக்குக் காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு சைக்கிள் ஓட்டு.

வானத்தைப் படைத்தவர் உன்னைக் காப்பார். நீ கேள்வி கேட்பதால் அதிலிருந்து ஒரு நட்சத்திரமும் உதிர்ந்துவிடாது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
புஷ்பம் தனசிங்