வடக்கு வாசலைத் திறந்தவர்

மார்ச் 3

சுற்றுலாத் துறை அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மாவட்டக் கையேட்டைப் புதிதாகப் போடுகிறார்களாம். வரலாறு, பார்க்க வேண்டிய இடங்கள், விழாக்கள் — மூன்று அத்தியாயமும் என் தலையில். "நீங்கதான் தினமும் பேசுறீங்களே, அதையே எழுதிக் குடுத்திடுங்க," என்றார். பேசுவதும் எழுதுவதும் ஒன்று என்பதுபோல.

பதினொரு வருடமாக அரண்மனையில் வழிகாட்டி வேலை. கண்ணாடிக் கூடம், மணிக்கூண்டு, ஏரியைப் பார்த்த மாடம், கடைசியில் வடக்கு வாசல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய் சொல்லிவிடும். கைக்கு வருமா?

மார்ச் 8

ஏரி முடிந்தது. ஒன்றரைப் பக்கம். "அழகான" ஏழு முறை வந்திருக்கிறது. ஐந்தை அடித்தேன்.

மார்ச் 11

விழா அத்தியாயம். சமஸ்தானம் விழுந்த நாளைத்தான் நாங்கள் விழாவாகக் கொண்டாடுகிறோம் என்பது எழுதும்போதுதான் உறைத்தது. முப்பது நாள் முற்றுகையிலும் அசையாத கோட்டை. வாசல்காரன் ஒருவன் பொன்னுக்கு ஆசைப்பட்டு வடக்கு வாசலைத் திறந்துவிட்டான். வருடாவருடம் அந்த நாளில் ஊரே கூடி அந்தக் கதவில் கூழாங்கல் எறியும். முதல் கல், அரச குடும்பத்தின் மூத்தவர் கையால். அப்புறம் வாத்தியம், மிட்டாய், ஏரியில் படகுகள்.

எத்தனை மணிக்குத் திறந்தான் என்று சேர்த்தால் நன்றாக இருக்கும். நாளை ஆவண அறை.

மார்ச் 12

காவல் முறைப் பதிவேட்டின் அட்டைக்குள் மடித்துச் செருகிய ஒரு தாள். வாசல்காரனுக்கு அரசரே கைப்பட எழுதி முத்திரை வைத்தது. "விடிந்ததும் வடக்கு வாசலைத் திறந்துவிடு. இனியும் உயிர்கள் போக வேண்டாம். எவர் கேட்பினும் எம் பெயரைச் சொல்லாதே."

மூன்று முறை படித்தேன். ஆவணக் காப்பாளர், "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார். தூசி என்றேன். நகல் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 13

என்ன பண்ணிட்டிருந்தேன் இத்தனை வருஷமா? ஒரு நாளைக்கு நாலு குழு. அவன் திருட்டு முழி முழிக்கிறதை நடிச்சே காட்டுவேன், கண்ணை அப்படியும் இப்படியும் உருட்டி. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்.

ஊர் மருந்துக்கடைக்காரி அந்த வாசல்காரன் வம்சம். என்னோடு பள்ளியில் படித்தவள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "வாசல்" என்றுதான். முதலில் அப்படிக் கூப்பிட்டது யார்? நானில்லை. இரண்டாவது யார் — தெரியாது. இல்லை, தெரியும்.

மார்ச் 16

கூட்டம் குறையும் வரை இருமல் மருந்து வாங்க வந்தவள்போல கடையில் நின்றேன். பிறகு நகலை நீட்டினேன். அவள் நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"இது எங்களுக்குத் தெரியும்டி."

"தெரியுமா? அப்ப ஏன் வெளிய சொல்லலை?"

"அவர் ராஜாவுக்கு வாக்குக் குடுத்துட்டார். சாகுறப்பதான் மகன்கிட்ட சொன்னாராம். அதுக்கப்புறம் நாங்க சொன்னா யாரு நம்புவா? அந்த வீட்டுக்காரங்க வேற எப்படிச் சொல்லுவாங்கன்னு சிரிப்பாங்க."

ஒரு பெரியவர் மருந்துச் சீட்டோடு வந்தார். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, எது காலை, எது மாலை என்று பொறுமையாக இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ நல்லா நடிக்கிறியாமே. பள்ளிக்கூடத்தோட அரண்மனைக்கு வந்தப்ப என் பொண்ணு பார்த்தாளாம்."

இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு இருமலே இல்லை.

மார்ச் 17

வீட்டுக்காரர், "ஊர் வம்பு உனக்கெதுக்கு?" என்றார். ஆனாலும் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். "பாவம், அந்த மனுஷன்." யாரைச் சொன்னார்? அரசரையா, வாசல்காரரையா?

"காரர்" என்று எழுதியிருக்கிறேன். கை தானாக எழுதியது.

மார்ச் 21

இன்று ராஜாவைப் பார்த்தேன். ராஜா என்பது ஊர் வாய்ப் பழக்கம். எண்பது வயது, அரண்மனையின் பின்கட்டில் இரண்டு அறை, ஒரு வானொலி, ஒரு பூனை. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா எழுத்துதான். 'ழ'வுக்கு இவ்வளவு நீள வால் வேற யாரும் போட மாட்டாங்க."

வெகுநேரம் பூனையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சண்டையை நிறுத்தினது தப்பில்லம்மா. பழியை அடுத்தவன் தலையில வச்சார் பாரு, அதுதான்..." முடிக்கவில்லை. "நான் போற வரைக்கும் இது வெளிய வர வேண்டாமே. கேட்டுக்கிறேன்."

எண்பது வயது மனிதர் கெஞ்சினால் என்ன சொல்வது? எழுந்து வந்துவிட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மார்ச் 28

எழுதிக் கொடுத்துவிட்டேன், கடிதத்தையும் சேர்த்து. அதிகாரி அந்தப் பத்தியைச் சிவப்பில் சுழித்தார். "விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. ஊர் சந்தோஷமா கல் எறியட்டுமே, உங்களுக்கென்ன?"

நான் மருந்துக்கடை இருக்கும் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன்.

ஏப்ரல் 2

நடிப்பை விட்டுவிட்டேன். ஒரு குடும்பம், "போன தடவை கண்ணை உருட்டிக் காட்டினீங்களே," என்று கேட்டது. கண் வலி என்றேன். அதுவும் பொய்தான்.

ஏப்ரல் 6

விழா. நல்ல வெயில், நல்ல கூட்டம். வழக்கம்போல கூழாங்கல் தட்டை நான்தான் ராஜாவிடம் நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்தார். கதவைப் பார்த்தார். கை உயரவே இல்லை. கூட்டம் காத்திருந்தது. வயசாச்சு, கை வலிக்குது போல என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"திறக்கச் சொன்னது எங்க வீட்டு ஆளு," என்றார். ஒலிபெருக்கி கிடையாது, முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. "எழுத்து இருக்கு. அவர் சொன்னதைக் கேட்டு அந்த வாசல்காரர் திறந்தார். அவ்வளவுதான்."

கல்லைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று வரிசை வரிசையாகப் பின்னால் வரைக்கும் போனது. சிலர் எறியத்தான் எறிந்தார்கள். பத்து இருபது கல் இருக்கும். சத்தம் தனித்தனியாகக் கேட்டது. மற்றவர்கள் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள், எங்கே போடுவது என்று தெரியாமல்.

அழுதேனா? கொஞ்சம்.

ஏப்ரல் 8

அதிகாரி: "ராஜாவே சொல்லிட்டாரா? அப்ப போட்டுடுங்க. நான் எப்ப வேண்டாம்னேன்?"

ஏப்ரல் 19

பத்து மணிக் குழுவில் மருந்துக்கடைக்காரி. சீட்டு வாங்கிக்கொண்டு, மகளோடு, கடைசி ஆளாக நின்றாள். கண்ணாடிக் கூடத்தில் எனக்கு நாக்குக் குழறியது. தேதியைத் தப்பாகச் சொன்னேன்.

வடக்கு வாசலில் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நடிக்காமல். யாரும் சிரிக்கவில்லை. குழு கலைந்த பிறகும் அவர்கள் இருவரும் அங்கேயே நின்றார்கள். மகள் கதவைத் தொட்டுப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல நானும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன்," என்றேன்.

"தெரியும்."

நான் மன்னிப்பை வற்புறுத்திக் கேட்கவில்லை. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றாததைக் கேட்டேன்.

"அவர் பேர் என்ன?"

சொன்னாள். நீளமான, பழைய காலத்துப் பெயர். முதல் தடவை தப்பாகச் சொன்னேன். மகள் திருத்தினாள். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. நாளைக் காலைக் குழுவுக்கு முன் இன்னும் சில முறை சொல்லிப் பார்க்க வேண்டும்.